யாரு ஊட்டுக் கல்யாணம்?

ராத்திரி மணி ஒன்றரை. கர்ணன் போருக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறான். பொன்னுருவி வழியை மறித்துக்கொண்டு அழுகிறாள். பெட்ரோமாக்ஸ் போய் எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டது, ஆனாலும் கர்ணன் இன்னும் சாகத்தான் போகிறான். முன்வரிசைப் பாட்டிகள் முந்தானை நுனியைக் கையில் தயாராக வைத்திருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து நான் என் கீபோர்டில் 'ஷெனாய்' என்று போட்டிருந்த பட்டனை அமுக்கி, கர்ணன் பாடி நிறுத்திய அடியை எடுத்து வாசித்தேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

"இன்னாப்பா இது... யாரு ஊட்டுக் கல்யாணம்?"

போச்சு! அழக் காத்திருந்த பாட்டிகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். பொன்னுருவி (பகலில் டிராக்டர் ஓட்டுகிற அண்ணன்) புடவையோடு திரும்பி என்னை ஒரு முறை முறைத்தார். கட்டியங்காரனுக்குக் கேட்க வேண்டுமா? "மொய் எழுதறவங்கல்லாம் வரிசையில வாங்கப்பா!" என்று ஆரம்பித்துவிட்டார். அன்றைக்குக் கர்ணன் சாவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

இது நடந்தது கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற ரோட்டில் இருக்கிற ஊர் எங்களுடையது. கார்த்திகை தீபத்தன்று மேற்கே திரும்பினால் 2668 அடி மலையின் உச்சியில் தீபம் தெரியும். கோடை வந்தால் சுற்றுவட்டாரத்து திரௌபதி அம்மன் கோயில்களில் பகலெல்லாம் பாரதம் படிப்பார்கள், ராத்திரியெல்லாம் கூத்து. கூத்துக்குப் பேர்போன புரிசை இருப்பதும் எங்கள் மாவட்டத்தில்தான்.

நான் திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். சனி, ஞாயிறு என்றால் லைட் மியூசிக் குழுவில் கீபோர்டு. அன்றைக்குக் கூத்து ஜமாவின் முகவீணைக்காரருக்குக் காய்ச்சல். வாத்தியார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, உன் பொட்டியில எல்லாச் சத்தமும் வருமாமே?"

"அறுநூறு சத்தம் இருக்கு வாத்தியாரே!" என்றேன், ஏதோ நானே செய்து போட்டதுபோல.

அறுநூறும் இருந்தது. முகவீணை மட்டும்தான் இல்லை.

அறுநூறில் ஒன்று குறைவு

முகவீணை என்றதும் தந்தியும் குடமும் நினைவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். இது ஊதுகிற வாத்தியம். நாதஸ்வரத்தின் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு முழத்துக்கும் குறைவான நீளம். வாயில் வைக்கிற இடத்தில் சீவாளி. பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். ஊதினால், ஆர்மோனியத்தையும் மத்தளத்தையும் தாண்டி, மூன்றாவது வயலில் படுத்திருப்பவனை எழுப்பிவிடும். கூத்தில் வேஷக்காரர் ஓர் அடியைப் பாடி முடித்து மூச்சு வாங்கும்போது, அந்த அடியை அப்படியே வாங்கி ஊதுவது இதன் வேலை. கர்ணன் பாதி அழுவான். மீதியை முகவீணை அழும்.

கீபோர்டு செய்கிற ஜப்பான்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் கர்ண மோட்சம் பார்த்ததில்லை. பியானோ, டிரம்பெட், வயலின் என்று உலகம் கேட்கிறதைப் போட்டார். பிற்பாடு நம் சந்தையையும் கண்டுகொண்டார்கள். இந்தியாவுக்கென்றே தபலா, சிதார் சத்தங்களோடு கீபோர்டுகள் வந்தன. 2019-ல் யமஹா நிறுவனம் சென்னைக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை திறந்துவிட்டது. ஆனாலும் 'இந்திய வாத்தியம்' என்கிற வரிசையில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பட்டன் வைக்க முடியுமா?

அன்று கல்யாணப் பேச்சு வாங்கிக்கொண்டு, விடியற்காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தபோதுதான், ஆறு வருஷமாக என் கைபடாத ஒரு பட்டன் கண்ணில் பட்டது. அதன்மேல் 'எடிட்' என்று எழுதியிருந்தது.

கமகத்தில் கிடைத்த புதையல்

சின்தசைசர் என்பது சத்தங்களைச் சேர்த்து வைத்திருக்கிற பீரோ அல்ல. சத்தம் சமைக்கிற அடுப்படி. அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964-ல் செய்த கருவியில் ஒயர்களைச் செருகிச் செருகித்தான் ஒவ்வொரு சத்தத்தையும் உண்டாக்க வேண்டியிருந்தது. அந்த மூக் பெட்டி ஒன்று 1969-லேயே ஆமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்துக்கு வந்து இறங்கியது. நம் ஆட்கள் அதில் செய்து பார்த்த ஒலிநாடாக்கள் பல வருஷம் அங்கேயே கிடந்து, 2023-ல்தான் இசைத்தட்டாக வெளியே வந்தன!

டிஜிட்டல் கீபோர்டின் கதை தொடங்குவது 1967-ல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்கிற இசைக்காரர் கம்ப்யூட்டரில் ஒரு சாதாரண விசில் சத்தத்தை வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தார். அதற்குக் கொஞ்சம் அசைவு கொடுத்தார். நொடிக்கு ஐந்தாறு முறை ஸ்வரத்தை மேலும் கீழும் ஆட்டினால் நம் காதுக்கு அது கமகம் மாதிரி கேட்கும். மனுஷன் அதோடு நிறுத்தவில்லை. ஆட்டும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். நூறு முறை, இருநூறு முறை...

திடீரென்று ஆட்டம் காணாமல் போயிற்று. அதற்குப் பதில் சத்தத்தின் நிறமே மாறிவிட்டது. விசிலாக இருந்தது மணியாயிற்று, கொம்பு வாத்தியமாயிற்று. சைக்கிள் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது கம்பிகள் தனித்தனியாகத் தெரியும். வேகமாகச் சுற்றினால் பளபளவென்று ஒரு தட்டுதான் தெரியும் இல்லையா? அந்த மாதிரிதான்.

ஓர் அலையை இன்னோர் அலையால் ஆட்டுவது. சூத்திரம் இவ்வளவுதான். இரண்டின் வேகமும் 1:1 என்று இருந்தால் கொம்பு வாத்தியத்தின் கனம் வரும். 1:2 என்றால் கிளாரினெட் மாதிரி குழிவான குரல். 1:1.4 என்று கோணலாக வைத்தால் மணி! கோயில் மணியின் ஓசை இரண்டு எண்களுக்குள் ஒளிந்திருக்கிறது என்று முதன்முதலில் தெரிந்துகொண்டபோது, ஏனோ எனக்கு ஆபீஸ் பேரேட்டின் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

சௌனிங்கின் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டு ஸ்டான்ஃபோர்டு, அமெரிக்க ஆர்கன் கம்பெனிகளின் கதவைத் தட்டியது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வாங்கிக்கொண்டது ஜப்பானின் யமஹா. அதிலிருந்து 1983-ல் பிறந்ததுதான் டி.எக்ஸ்.7 என்கிற கீபோர்டு. 61 கட்டை, ஒரே நேரத்தில் 16 ஸ்வரம், சத்தம் சமைக்க ஆறு அலைகள், அவற்றை ஒன்றோடொன்று இணைக்க 32 வழிகள். விற்பனை லட்சத்தைத் தாண்டியது. உரிமத் தொகையாக ஸ்டான்ஃபோர்டுக்குக் கிடைத்தது 2 கோடி டாலருக்கும் மேல்!

ஆனால் ஒரு தொல்லை. பழைய பெட்டிகளில் திருகத் திருகத் திருகுகள் இருந்தன. இதில் இரண்டே வரி காட்டுகிற சின்னத் திரைக்குப் பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட அளவுகள். எதைத் தொட்டால் எது மாறும் என்று ஊகிக்கவே முடியாது. "ரிப்பேருக்கு வந்த டி.எக்ஸ்.7-களில் பத்துக்கு ஒன்பதில், கம்பெனி போட்டுக் கொடுத்த சத்தங்கள் அப்படியே கை படாமல் இருந்தன" என்று இந்தத் துறையில் ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, என் பெட்டியைப் பொறுத்தவரை நூற்றுக்கு நூறு சரி. வீட்டிலே அடுப்பு இருக்கிறது; ஆறு வருஷமாக ஹோட்டல் சாப்பாடு!

சொந்தச் சமையல்காரர்கள்

நம்மூரில் அடுப்பைப் பற்ற வைத்தவர்கள் உண்டு. 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கம்ப்யூட்டரையும் சின்தசைசரையும் பிடித்து வேலை வாங்கியது அந்தக் காலத்தில் பெரிய பேச்சு.

ஏ.ஆர்.ரஹ்மானின் கதை இன்னும் நெருக்கமானது. அப்பா ஆர்.கே.சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். மகனுக்கு ஒன்பது வயதாகும்போது இறந்துபோனார். அவர் விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. சிறுவயதிலேயே கீபோர்டோடு ஸ்டுடியோ ஸ்டுடியோவாக வாசிக்கப் போனவர், 1989-ல் கோடம்பாக்கத்தில் வீட்டோடு ஒட்டி 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' என்கிற ஸ்டுடியோவை வைத்தார். மூன்று வருஷம் கழித்து, 1992-ல் 'ரோஜா'. அந்தப் பாட்டுகளை முதலில் கேட்டவர்கள் மெட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், "சத்தமே வேற மாதிரி இருக்கே!" என்றுதான் சொன்னார்கள். முதல் படத்துக்கே தேசிய விருது.

எல்லாருக்கும் அப்படி அமைந்துவிடுவதில்லை. பம்பாயில் சரண்ஜித் சிங் என்று ஒருவர். இந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். 1982-ல் மூன்று ரோலண்ட் பெட்டிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தட்டாகப் போட்டார். யாரும் சீந்தவில்லை. 2010-ல் அந்தத் தட்டு மறுபடி வெளிவந்தபோது, ஐரோப்பிய நடன விடுதிகளில் பிற்பாடு கொடிகட்டிப் பறந்த ஒரு பாணியை இவர் எப்போதோ தொட்டிருக்கிறாரே என்று வெளிநாட்டு ரசிகர்கள் வாயைப் பிளந்தார்கள். அதற்குள் அவருக்கு வயதாகிவிட்டது. 2015-ல் காலமானார்.

இவர்களிடமிருந்து எனக்குப் புரிந்த சமாசாரம் ஒன்றுதான். பெட்டிக்குள் இருக்கிற சத்தம் ஊருக்கெல்லாம் பொது. நம் சத்தம் வேண்டும் என்றால் நாம்தான் மெனக்கெட வேண்டும்.

திண்ணையில் ஒரு பாடம்

ஞாயிற்றுக்கிழமை முகவீணைக்காரர் வீட்டுக்குப் போனேன். எழுபதைத் தாண்டியவர். காய்ச்சல் விட்டிருந்தது. கல்யாணக் கதை ஏற்கெனவே அவர் காதுக்கு வந்துவிட்டது என்பது, என்னைப் பார்த்ததும் வந்த சிரிப்பிலேயே தெரிந்தது.

"வா தம்பி. மொய் எவ்ளோ வந்துச்சு?"

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். போனில் ரெக்கார்டு பண்ணிக்கொள்ள வேண்டும். தனித்தனி ஸ்வரமாக, மெதுவாக ஊதிக் காட்ட வேண்டும்.

சீவாளியைப் பெட்டியிலிருந்து எடுத்து வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டே கேட்டார். "தனித்தனியாவா? பாட்டுல எது தம்பி தனியா வருது?"

ஆனாலும் ஊதினார். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இத்தனை வருஷம் கூத்துப் பார்த்தும் கவனிக்காத நாலு விஷயம் அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. ஒன்று, ஸ்வரம் தொடங்குகிற கணத்தில் 'த்து' என்று ஒரு காற்றுச் சத்தம். இரண்டு, ஸ்வரம் நேராக அந்த இடத்தில் வந்து நிற்பதில்லை. கொஞ்சம் கீழே தொடங்கி வழுக்கி மேலே ஏறுகிறது. மூன்று, குரல் மூக்கால் பேசுகிற மாதிரி, அடிக்குரலே இல்லாமல். நாலு, அசைவு உடனே வருவதில்லை. ஸ்வரம் கொஞ்ச நேரம் நின்றபிறகுதான் வருகிறது.

"ரெக்கார்டு பண்ணினதை அப்படியே கீபோர்டில் போட்டுவிட்டால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். போடலாம், சாம்ப்ளிங் என்று பெயர். என் பெட்டியில் அந்த வசதி இல்லை. இருந்தாலும், ஒரு ஸ்வரத்தைப் பதிவு செய்து மேலே மேலே ஏற்றினால், அதற்குள் இருக்கிற அசைவும் சேர்ந்து வேகமாகிவிடும். கர்ணன் மிக்கி மவுஸ் ஆகிவிடுவான்.

கேசரி கிண்டுகிற மாதிரி

அடுத்த மூன்று வாரம், ராத்திரி ஒன்பதுக்கு மேல் இதே வேலை. என் வீட்டம்மா, "ஏங்க, அந்த ஆட்டுக்குட்டியை எங்கேயாவது கட்டிப் போடுங்களேன்" என்பார்கள். வீட்டில் ஆட்டுக்குட்டி கிடையாது. அது என் முகவீணை.

செய்முறையைச் சொல்கிறேன். கொஞ்சமும் பயப்படாதீர்கள், கேசரி கிண்டுகிற மாதிரிதான்.

முதலில் மாவு, அதாவது மூல அலை. புல்லாங்குழலுக்கு வழவழப்பான அலை போதும். சீவாளிச் சத்தத்துக்கு ரம்பப் பல் மாதிரி இருக்கிற அலை வேண்டும். அதில்தான் மேல்ஸ்தாயிச் சாயல்கள் எல்லாம் நிறைய இருக்கும். இரண்டு ரம்ப அலைகளை எடுத்து, ஒன்றை மயிரிழை அளவுக்குச் சுருதி விலக்கி வைத்தேன். சத்தத்துக்கு உயிர் வந்த மாதிரி ஒரு கரகரப்பு.

இரண்டாவது சல்லடை. ஃபில்டர் என்பார்கள். கனமான கீழ்ச்சத்தத்தைச் சலித்து எறிந்தேன். 1000 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டதும் பெட்டி மூக்கால் பேச ஆரம்பித்தது.

மூன்றாவது 'என்வலப்'. தபால் கவர் இல்லை. சத்தம் பிறந்து, வாழ்ந்து, போகிற விதம். அதற்கு நாலு கட்டம்: அட்டாக், டிகே, சஸ்டெயின், ரிலீஸ். புரியவில்லையா? ஆபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து கையெழுத்துப் போடுகிறோமே, அது அட்டாக். ஒரு காபி உள்ளே போனதும் அந்த வேகம் தணிகிறதே, அது டிகே. பிறகு சாயங்காலம் வரை ஒரே மட்டத்தில் ஓட்டுகிறோமே, அது சஸ்டெயின். மேனேஜர் தலை மறைந்ததும் பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடையைக் கட்டுகிறோமே, அது ரிலீஸ்! கோயில் மணிக்கு அட்டாக் ஒரு வெட்டு, சஸ்டெயின் கிடையாது, ரிலீஸ் மட்டும் தெருக்கோடி வரை போகும். முகவீணைக்கு நேர் எதிர். மூச்சு இருக்கிற வரை சஸ்டெயின். மூச்சை நிறுத்தினால் பட்டென்று நிற்கும்.

நாலாவதுதான் முக்கியம்: அந்த முதல் கணம். ஒரு வாத்தியத்தின் தொடக்கத்தை மட்டும் நறுக்கி எறிந்துவிட்டு மீதியைக் கேட்டால், அது என்ன வாத்தியம் என்று காது தடுமாறிவிடும். 1987-ல் ரோலண்ட் கம்பெனி டி-50 என்று ஒரு கீபோர்டு செய்தது. மெமரி சிப் விலை அதிகமாக இருந்த காலம். நிஜ வாத்தியத்தின் தொடக்கத்தை மட்டும் பதிவு செய்து வைத்து, மீதியைச் செயற்கை அலையால் ஒப்பேற்றினார்கள். காது முழுதாக ஏமாந்தது! மனிதர்களையே முதல் பார்வையில் எடைபோடுகிறவர்கள்தானே நாம்? நானும் அந்த வழியிலேயே போனேன். காற்றுச் சத்தம் ஒரு துளியை ஸ்வரத்தின் வாசலில் வைத்தேன். ஸ்வரம் கொஞ்சம் கீழே தொடங்கி, நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் மேலே ஏறும்படி செய்தேன்.

கேட்ட மாத்திரத்தில் மயிர்க்கூச்செறிந்தது. திண்ணையில் கேட்ட அந்த 'த்து'!

கடைசியாகத் தாளிப்பு. அசைவு அரை நொடி கழித்து வரும்படி வைத்தேன். ஒரே நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்க வேண்டும் என்று கட்டிப் போட்டேன். முகவீணையில் இரண்டு ஸ்வரம் சேர்ந்து வராதே! பெட்டியின் பெருமையே பல ஸ்வரம் வாசிப்பதில் இருக்கிறது. அந்தப் பெருமையைக் கழற்றி வைத்தால்தான் இந்தச் சத்தம் வருகிறது. சுருதியை வளைக்கிற சக்கரத்தின் எல்லையையும் கொஞ்சம் நீட்டினேன். இல்லாவிட்டால் கமகம் பாதியில் முட்டிக்கொள்ளும்.

பெயர் வைத்துச் சேமிக்க வேண்டும். டி.எக்ஸ்.7 காலத்திலிருந்தே ஒரு சத்தத்தின் பெயருக்குப் பத்து எழுத்துதான் இடம். என் பெட்டியிலும் பத்துதான். 'முகவீணை'யை இங்கிலீஷில் எழுதி எண்ணிப் பார்த்தேன். சரியாகப் பத்து!

மூச்சு எங்கே?

பெட்டியைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போனேன். வாத்தியாரையும் வரச் சொல்லியிருந்தேன். கர்ணன் பாட்டின் அதே அடியை வாசித்தேன்.

வாத்தியார் துள்ளிவிட்டார். "அச்சா அதேதான்யா! இனிமே ஆளு வரலன்னா கவலை இல்ல. ஒரு ஆளு சம்பளமும் மிச்சம்!"

சொன்னபிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணப் பேச்சிலிருந்து தப்பிக்க நான் செய்த சத்தம், ஓர் ஆளின் இலையை எடுத்துவிடுமா? பயம் புதிதல்ல. 1982-ல் லண்டனில் இசைக்கலைஞர் சங்கத்தின் கிளை ஒன்று, சின்தசைசருக்குத் தடை வேண்டும் என்று தீர்மானமே போட்டது. நம் சினிமாவிலும் வரிசை வரிசையாக உட்கார்ந்து வாசித்த வயலின்காரர்களில் எத்தனையோ பேருக்கு, கீபோர்டு வந்தபிறகு அழைப்பு குறைந்துபோனது. ஒரு விரல் முப்பது வில்லின் வேலையைச் செய்தால், முப்பது வீட்டில் உலை என்ன ஆகும்?

பெரியவர்தான் முதலில் பேசினார்.

"சத்தம் என்னுதுதான் தம்பி. மூச்சு எங்க?"

எனக்குப் புரியவில்லை.

"நீ அமுக்கினா அது கத்திக்கினே இருக்குது. நான் அப்படியா ஊதறேன்? பாடறவன் மூச்சு வாங்கற எடத்துல நான் உள்ள போவணும். அவன் மறுபடி வாயத் தொறக்கறதுக்குள்ள வெளிய வந்துடணும். வயித்துல இருந்து வர்ற காத்து ஏறி எறங்கணும். ஏறி எறங்கினாத்தான் அழுவை. ஏறியே நின்னா அது சங்கு... மில்லு சங்கு!"

அப்போதுதான் எங்கேயோ படித்தது நினைவுக்கு வந்தது. அந்த டி.எக்ஸ்.7 பெட்டியில், வாயில் வைத்து ஊதுகிற ஒரு சின்னக் கருவியைச் செருக ஓட்டை வைத்திருந்தார்கள். கை ஸ்வரத்தைப் பிடிக்கும். ஊதுகிற மூச்சு சத்தத்தை ஏற்றி இறக்கும். ஆறு அலைகளையும் 32 இணைப்புகளையும் போட்ட ஜப்பான்காரருக்கும் கடைசியில் இதே கேள்வி வந்திருக்கிறது. 'எல்லாம் சரி, மூச்சு எங்கே?'

என்னிடம் ஊதுகிற கருவி இல்லை. காலால் அழுத்துகிற எக்ஸ்பிரஷன் பெடல் இருந்தது. தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி அதை மிதித்து, சத்தத்தை ஏற்றி இறக்கி வாசிக்கச் சொன்னார். அவர் பாடினார். அவர் மூச்சு வாங்கிய இடத்தில் நான் நுழைந்தேன். நுழைந்த இடமெல்லாம் தப்பு. தலையில் குட்டாத குறையாகத் திருத்தினார். ஒரு அடியைச் சரியாக வாங்கி வாசிக்க அன்று பொழுது சாய்ந்துவிட்டது. மூன்று வாரம் 'எடிட்' பட்டனில் கிடைக்காதது அந்தத் திண்ணையில் கொஞ்சம் பிடிபட்டது.

கிளம்பும்போது கேட்டார்.

"இதுக்கு இன்னா பேரு வெச்சிருக்க?"

"முகவீணைன்னுதான் ஐயா."

சின்னத் திரையில் தெரிந்த இங்கிலீஷ் எழுத்துகளைக் குனிந்து பார்த்தார். தடவிப் பார்த்தார்.

"இது முகவீணை இல்ல தம்பி. முகவீணையோட போட்டோ."

அடுத்த கூத்து

உங்களில் யாருக்காவது கை அரிக்கிறதா? செலவே இல்லாமல் ஆரம்பிக்கலாம். டி.எக்ஸ்.7 மாதிரியே வேலை செய்கிற 'டெக்ஸ்ட்', ஏகப்பட்ட அலைகளும் சல்லடைகளும் உள்ள 'சர்ஜ் எக்ஸ்.டி.' போன்ற மென்பொருள்கள் கம்ப்யூட்டருக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. கீபோர்டு ஏற்கெனவே இருந்தால், அந்த 'எடிட்' பட்டனைத் துணிந்து அமுக்குங்கள். கம்பெனி சத்தம் எங்கேயும் ஓடிவிடாது. பழையபடி கொண்டுவர வழி உண்டு. ஒரே ஒரு நிபந்தனை. முதலில் நிஜ வாத்தியத்தை, அதை வாசிக்கிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உடுக்கையோ பம்பையோ, உங்கள் ஊர் பால்காரரின் சைக்கிள் மணியோ, எதுவாக இருந்தாலும் சரி.

அடுத்த கூத்துக்கு வாத்தியாரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் இருக்கும்போது இந்தச் சத்தம் வெளியே வராது. அவரால் வர முடியாத ராத்திரியில் வாசிக்கிறேன். ஆனால் அன்றைய சம்பளம் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். வாத்தியார் தலையைச் சொறிந்தார். "பாதி..." என்று இழுத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, சரி என்றார். இந்த ஏற்பாடு எத்தனை நாள் ஓடும் என்று எனக்குத் தெரியாது. நான் செய்த சத்தத்தைப் பென் டிரைவில் கேட்டு, பக்கத்து ஊர் கீபோர்டுக்காரர் ஒருவர் இப்போதே இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

அன்றைக்கு மறுபடியும் கர்ண மோட்சம். பெரியவர் தன் இடத்தில் உட்கார்ந்து முகவீணையை எடுத்தார். நான் பக்கத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு வெறும் சுருதி மட்டும் போட்டேன். பொன்னுருவி வழியை மறித்தாள். கர்ணன் பாடி நிறுத்தினான். முகவீணை உள்ளே போனது. முன்வரிசைப் பாட்டிகளின் முந்தானை மேலே போனது.

விடிந்து, சீவாளியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "ஐயா, என் போட்டோவைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?"

சிரித்தார்.

"போட்டோ நல்லாத்தான் கீது தம்பி. மாலை மட்டும் போட்டுடாத!"